மாட்டு வைத்தியத்துக்குப் பின்னால்

எதிலும் முதலில் நிற்க வேண்டும் என்று துடிப்பதால் ஆராய்ச்சித் துறையில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். அவளுடைய பேராசிரியரிடமே அவளுக்கு முன்பு சேர்ந்த, அவள் அக்கா என்று கூப்பிடும் மூத்த மாணவி நேரெதிர். வீடு, பிள்ளை, வேலை என்று இழுபட்டு, ஆமை வேகத்தில் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

பழங்காலச் சாயங்களைப் பற்றிய அந்தப் பெரிய நூல் வேறொரு நூலகத்திலிருந்து அக்காவின் பெயரில் இரவலாக வந்தது. வாசிப்பறையை விட்டு வெளியே போகக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வரவும் அக்கா அரக்கப்பரக்க எழுந்தாள்.

"கொஞ்சம் பாத்துக்கடி. போகும்போது கவுண்டர்ல குடுத்துடு."

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் காலையில் அக்கா வாங்கிக்கொள்வாள், தன் முறை எப்போது வரும்? ஆராய்ச்சிக்காரர்களின் பழைய திருட்டுத்தனம் அவளுக்கும் அத்துப்படி. ஆள் அண்டாத அடுக்காகப் பார்த்து, மாட்டு வைத்திய நூல்களுக்குப் பின்னால் செருகினாள். ஒரு நாள்தானே, கறையானா தின்றுவிடப் போகிறது?

மறுநாள் கதவு திறந்ததும் ஓடினாள். அடுக்கு காலி. கம்ப்யூட்டர் மேசை போட இடம் வேண்டுமென்று, யாரும் தொடாத புத்தகங்களைக் காகித ஆலைக்கு ஏற்றிவிட்டார்களாம்.

"நேத்து ராத்திரியே போயிடுச்சும்மா. இந்நேரம் கூழாயிருக்கும்," என்றார் பெருக்கிக்கொண்டிருந்தவர்.

நூலகர் இருவரையும் கூப்பிட்டார். "கடைசியா யார் கையில இருந்தது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என் கையிலதான் சார். மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டேன்."

வெளியே வந்ததும் அக்கா அவள் தோளைத் தட்டினாள். "இப்பதான் உனக்கு உதவித்தொகை கிடைச்சிருக்கு, அதைக் கெடுத்துக்காத. குடுக்க மறந்துட்ட, அவ்வளவுதானே?"

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வரும்.

அக்காவின் நூலக அட்டையை முடக்கினார்கள். வேறெந்த நூலகமும் அவளுக்கு இரவல் தரவில்லை. ஆய்வேடு பாதியில் நின்றது, அக்கா வருவதும் நின்றது.

முந்திரிக்கொட்டைதான் முதலில் பட்டம் வாங்கினாள். அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது முடிச்சோமே, அது போதும்டி."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாவற்றிலும் முந்துகிறவளுக்கு வாய் மட்டும் முந்தவில்லை.

"தேங்க்ஸ்கா," என்றாள்.