கேட்காமல் கட்டிய பொட்டலம்

மருந்துக்கடை அக்கா உள்ளே போகும்வரை சில ஆண்கள் வாசலிலேயே நின்று இருமல் மருந்து விளம்பரத்தைப் படிப்பார்கள். கடை அவளுடையது. மருந்தியல் படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். "எங்க அரிக்குது? எப்பலேர்ந்து? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். அவள் தலை மறைந்ததும் கவுண்டரில் நிற்கும் ஊமையனிடம் வந்து குனிவார்கள். வாயே திறக்காதவனுக்கு அந்தப் பெயரை வைத்ததும் அக்காதான்.

"தம்பி, கீழ கொஞ்சம் அரிப்பு. அந்த ட்யூபு..."

அவன் ஒன்றும் கேட்கமாட்டான். களிம்பை எடுப்பான், காகிதத்தில் சுற்றுவான், முகம் பார்க்காமல் நீட்டுவான். அதனாலேயே அவனுக்கு நல்ல பெயர்.

தனக்கு வந்தபோதும் அதையேதான் செய்தான்.

ஆண்குறியின் தோலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கொத்தாக. உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு அதே களிம்பைத் தடவினான். அரிப்பு அடங்கியது. கொப்புளங்கள் உடைந்து, புண்ணாகி, பரவின. சிறுநீர் கழிக்கையில் உயிர் போய் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டிக் காய்ச்சலும் அடித்தது. இதற்கு மேலும் டாக்டரைப் பார்க்காமல் இருப்பது மடத்தனம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு, வேறு ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு பெண் இருந்தாள். மனைவியிடம் அதைச் சொன்னதில்லை.

மனைவிக்கு இது நிறைமாதம். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு இந்த மாதிரிக் கொப்புளம் தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று போனில் படித்தான். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். கொப்புளம் கண்ணில் படுவதற்குச் சில நாள் முன்புவரை அவளோடு சேர்ந்திருந்தான். இப்போது கூடத்தில் தனியாகப் படுக்கிறான்.

"என்ன, அதுக்குள்ள என்னைத் தள்ளி வச்சாச்சா?" என்று அவள் சிரித்தாள்.

"நீ கட்டில் முழுக்க உருள்ற."

"நான் மட்டுமா உருள்றேன்? உங்க பிள்ளையும் சேர்ந்துல்ல உருளுது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் மதியம் மனைவி கடைக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கவுண்டரில் குனிபவர்களின் அதே குரல்.

"ஏங்க, கீழ ஒரே எரிச்சல். குட்டிக் குட்டியா ஏதோ பொரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் குடுப்பீங்களே, அந்த ட்யூபு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. டாக்டரம்மாகிட்ட போய் இதையெல்லாம் காட்டிட்டு இருக்க முடியுமா?"

"சரி."

கை தானாக அலமாரிக்குப் போனது. களிம்பை எடுத்தது, காகிதத்தைக் கிழித்தது, சுற்றியது. பொட்டலத்தைப் பைக்குள் போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்."

"வலி எடுத்துடுச்சாடா?"

"தெரியல."

"தெரியலன்னா? வலி உனக்கா, அவளுக்கா?"

அவன் கடைப்படி இறங்கினான்.

மனைவி கதவைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினாள். அவன் பொட்டலத்தைத் தரவில்லை.

"இது வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"இதுக்குப் போயா? சிரிப்பாங்க."

"எனக்கும் இருக்கு. என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும்."

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தி. அப்ப வந்ததான்னு தெரியல. உனக்கப்புறம் யாரும் இல்ல."

அவள் செருப்பைத் தேடினாள். அவன் எடுத்துப் போட்டான். குனிய முடியாததால் அவனை மாட்டிவிட விட்டாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் பார்த்தார், அவன் நீட்டிய பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"ஹெர்பிஸ்ங்கற வைரஸ் தொற்று மாதிரிதான் இருக்கு. உள்ள பல வருஷம் சத்தமில்லாமகூட இருக்கும். கொப்புளம் தெரிஞ்ச உடனே வந்திருக்கணும். இந்தக் களிம்பை யார் குடுத்தா?"

"நான்தான்."

"உங்களுக்கு நீங்களேவா?"

"எல்லாருக்கும் குடுக்கறது."

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "புண்ணுலேர்ந்து சாம்பிள் எடுத்தாச்சு. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கலாம். இது உங்களுக்குப் புதுசா வந்ததுன்னா ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தையை எடுக்கணும்."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"இதயத்துடிப்பு நல்லா இருக்கு. மத்ததைப் பிறந்ததும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வலி எடுக்கறதுக்கு முன்னாடி வந்தீங்க, அதனால செய்யறதுக்கு வழி இருக்கு."

வெளியே பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள்.

"கேக்க வேண்டியதை எல்லாம் வீட்ல வச்சுக் கேக்கறேன்," என்றாள் மனைவி. "இப்பக் கையக் குடுங்க. எந்திரிக்க முடியல."

அவன் கையை நீட்டி, பாதியில் நிறுத்தினான். "சோப்புப் போட்டுத்தான் கழுவியிருக்கேன்."

"குடுங்கன்னா குடுங்க."