டாக்டர் உள்ளே வரணும்

பசுவந்தனை பிச்சையாவை ஸ்கேன் மேஜையிலிருந்து இறக்கியபோது மணி பதினொன்றே கால். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேப்பமரத்தில் ஏறியவர், கொப்பு முறிந்து விழுந்திருந்தார். வலது காதுக்கு மேலே ஒரு வீக்கம், அவ்வளவுதான். தானாகவே எழுந்து உட்கார்ந்து, "என் துண்டு எங்கம்மா?" என்று கேட்டார்.

உமாதேவிக்கு அது காதில் விழவில்லை. அவள் கம்ப்யூட்டரில் வந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டையோட்டை ஒட்டி, அவரைக்காய் விதை வடிவில் ஒரு வெளுப்பு. போன ஆடியில் ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்தது. ரிப்போர்ட் வரும்வரை இருக்காமல் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனவள், மறுநாள் உயிரோடு இல்லை.

லிங்கராஜ் அண்ணாச்சி கோவில்பட்டியில் ஸ்கேன் சென்டர் ஆரம்பித்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து உமாதேவிதான் அங்கே டெக்னீஷியன். படம் எடுப்பது அவள் வேலை. பார்த்துச் சொல்வது மதுரை டாக்டர் மாயகிருஷ்ணன். வி.பி.என். என்கிற தனிப்பாதை வழியாக, அவர் மதுரையில் இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து படத்தைப் பார்ப்பார்.

அவள் போன் செய்தாள்.

"உள்ளே வர முடியலையேம்மா," என்றார் டாக்டர். "மூணு தடவை முயற்சி பண்ணிட்டேன். அங்க எதையாவது மாத்துனீங்களா?"

மாற்றத்தான் செய்திருந்தார்கள். போன வாரம் பிராட்பேண்ட் வழியாக ஏதோ வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. நாலு நாள் சென்டரே மூடிக் கிடந்தது. அதனால் நேற்று சாயங்காலம் சர்வீஸ்காரர் தவசி வந்து ஃபயர்வால் போட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "இனி இதுல ஆராவது கைய வச்சீங்கன்னா, மறுநா வேலைக்கு வரவேண்டாம்" என்று சொன்னது அவளையும் சேர்த்துத்தான். வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் அந்த ஃபயர்வால் மறித்தது. டாக்டரையும் மறித்தது.

கதவருகே பிச்சையாவின் மனைவி சீனித்தாய் வந்து நின்றாள். "பேச்செல்லாம் நல்லாத்தானே இருக்கு தாயி. ஆடு பூராம் புஞ்சையில தனியா நிக்கி. நாங்க பொறப்படுதோம்."

"இருங்கம்மா. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"எப்பச் சொல்லுவாவ?"

"இப்பச் சொல்லிருவாவ. தயவுசெஞ்சு அவியள எங்கயும் கூட்டிட்டுப் போயிராதீங்க."

அவள் குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு சீனித்தாய் முகம் மாறியது. திரும்பிப் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சிக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. தவசி எடுத்தார். சாத்தூர் பக்கம் பஸ்ஸில் இருந்தார்.

"புதுசா ரூல் போடணும்க்கா. உள்ள வாரதுக்கு. டி.சி.பி., போர்ட் ஆயிரத்து எழுநூத்தி இருபத்திமூணு, அதான் வி.பி.என். வார வாசல். டாக்டரோட ஐ.பி. நம்பரை மட்டும் போடுங்க. எல்லாருக்கும்னு போட்டுறாதீங்க, போன வாரக் கதைதான். அப்புறம் இன்னொண்ணு..."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

இன்னொன்று என்ன?

மானிட்டர் ஓரத்தில் டாக்டரின் ஐ.பி. நம்பரை, அவர் கம்ப்யூட்டரின் இணைய முகவரியை, அவளே எழுதி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். ஒரு எண் மாறிப்போய் அழித்து அடித்தாள்.

"இப்பப் பாருங்க சார்."

"கொஞ்சம் உள்ள போகுது. பாஸ்வேர்ட் சரிபார்க்குதுன்னு காட்டுது... அங்கேயே நிக்குதும்மா."

வெளியே ஓங்கரிக்கும் சத்தம். சீனித்தாய் கத்தினாள். "தாயி! வாந்தி எடுக்காவ! கூப்பிட்டா முழிக்க மாட்டேங்காவ!"

உமாதேவி ஓடிப்போய்ப் பார்த்தாள். பிச்சையாவின் கண் பாதி மூடியிருந்தது. தோளைத் தட்டினால் முனகல்தான் வந்தது. எதிர் ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

"அந்த ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணிரும்மா," என்றார் டாக்டர். "நேரமில்ல."

ஆஃப் பட்டனுக்கு மேலே அம்புக்குறி நின்றது. அழுத்தினால் டாக்டர் வந்துவிடுவார். வேறு எதுவும் வரலாம். படம் திறந்திருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துபோனால்? மறுபடி ஸ்கேன் எடுக்கவும் முடியாது. அழுத்தாமல் விட்டால் அந்த மனுஷன் செத்துப்போவார்.

"ஒரு நிமிஷம் சார். ஒரே நிமிஷம்."

ஃபயர்வால் மறித்ததையெல்லாம் எழுதிவைக்கும் பக்கத்தைத் திறந்தாள். சிவப்புச் சிவப்பாக வரிகள். மேலே இருந்து படித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது வரியில் டாக்டரின் நம்பர். தடுக்கப்பட்டது, புரோட்டோகால் நாற்பத்தியேழு, ஜி.ஆர்.இ. அதற்குக் கீழேயும் அதே. அதற்குக் கீழேயும்.

தனிப்பாதைக்கு அந்தப் போர்ட்டோடு இந்த ஜி.ஆர்.இ.யும் வேண்டும்போல; தவசி சொல்லவந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். இதிலும் சரியாகாவிட்டால் ஆஃப் பண்ணிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு, இரண்டாவது ரூல் போட்டாள். ஜி.ஆர்.இ. டாக்டருக்கு மட்டும். அனுமதி.

திடீரென்று அவள் கைபடாமலே அம்புக்குறி நகர்ந்தது. "அய்யோ" என்று கையை உதறினாள்.

"நான்தாம்மா. வந்துட்டேன்."

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. வெளுப்பின் மேல் அம்புக்குறி நின்றது.

"மூளைக்கு வெளியே ரத்தம் கட்டுது. திருநெல்வேலிக்கு உடனே அனுப்புங்க. நான் அங்க சர்ஜன்கிட்டப் பேசிடுறேன். தியேட்டர் ரெடியா இருக்கும். எங்கயும் நிக்கக் கூடாது."

ஆம்புலன்ஸ் ஒன்றரை மணிக்குத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டதென்றும், பிச்சையா கண் திறந்து மனைவி பேரைச் சொன்னாரென்றும் சாயங்காலம் டாக்டர் போனில் சொன்னார். இடது கை மட்டும் அசைவு குறைவாக இருக்கிறதாம், போகப்போகச் சரியாகலாம் என்றார். உமாதேவி போனை வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

ஐந்து மணிக்கு லிங்கராஜ் அண்ணாச்சி வந்தார். விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆரைக் கேட்டு அதைத் தொட்ட?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

அவள் சிவப்பு வரிகள் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். "டாக்டருக்கு நான் தொறந்துவிட்ட அதே போர்ட்டுக்குத்தான் இதெல்லாம் வந்திருக்கு அண்ணாச்சி. இது டாக்டர் நம்பர். மத்த பதினோரு தடவையும் வந்தது ஆருன்னே தெரியல. எல்லாம் மத்தியானத்துக்குள்ள. ஃபயர்வால ஆஃப் பண்ணியிருந்தா எதுவும் உள்ள வந்திருக்கும்."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நேரம், நம்பர், தடுக்கப்பட்டது. நேரம், நம்பர், தடுக்கப்பட்டது.

"இவனுவளுக்கு நம்ம கடை இங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. எல்லா வீட்டையும் தட்டிப் பாக்குற மாதிரி தட்டிப் பாத்துக்கிட்டே போவாங்களாம். தவசி சொன்னாவ."

"இப்பவுமா வருதானுவ?"

அவள் திரையைக் கடைசி வரிக்கு நகர்த்தினாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே புதிதாக ஒரு சிவப்பு வரி வந்து விழுந்தது.