பையில் மஞ்சள் கயிறு வைத்திருந்தவன்

கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வேங்கிக்கால் புதுநகரில் பச்சையம்மாள் புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கேட்டருகே இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"அக்கா, புது பவுடர். விளம்பரத்துக்கு வந்திருக்கோம், காசு வேணாம். விளக்கைக் குடுத்துப் பாருங்க."

விளக்கு பளபளத்தது. வெள்ளிக் கொலுசும் பளபளத்தது. அப்புறம் தேய்த்தவன் பார்வை அவள் கழுத்துக்குப் போனது.

"ஐயோ, தாலிச் செயினைக் கழட்ட மாட்டேம்பா!"

"தெரியும்க்கா. அதுக்குத்தான் கயிறு கொண்டாந்திருக்கோம்." பையிலிருந்து புது மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து நீட்டினான்.

எவ்வளவு முன்யோசனை பாருங்கள், பாவிக்கு! அந்த மரியாதையில்தான் பச்சையம்மாள் விழுந்தாள். தாலியைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு செயினைக் கொடுத்தாள். ஏதோ தண்ணீரில் முக்கியெடுத்து, மஞ்சள்தூள் கலந்த பாத்திரத்தில் போட்டு மூடி, "அரை மணி கழிச்சுத் தெறங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நகைக்கடையில் நிறுத்தபோது ஐந்து பவுன் மூன்றரையாகியிருந்தது. மீதி அந்தத் தண்ணீரோடு போய்விட்டது.

அவள் கணவர் சகாதேவன் நகர்ச் சங்கச் செயலாளர். 2008 அது. இருபது வீடுகளில் கம்ப்யூட்டர் வந்திருந்ததால், இணையத்தில் நகருக்கென்று ஒரு குழு ஆரம்பித்திருந்தார். ஒருவர் எழுதினால் எல்லாருடைய மெயிலுக்கும் போகும். தெருவிளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை, இதுதான் அதில் பேச்சு.

"அதுல எழுதுங்க" என்றாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? செக்ரட்டரி வீட்லயே ஏமாந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க. போனது போச்சு, வாயை மூடிக்கிட்டு இரு."

சாயங்காலம் பக்கத்து வீட்டு எழிலரசியிடம் சொல்லி அழுதாள். எழிலரசியின் முகம் வெளுத்தது. "எனக்கும்தான்க்கா. போன வாரம், ரெண்டு வளையல். வெக்கமா இருந்துச்சு, யாருக்கும் சொல்லல."

"அடிப்பாவி! நீ சொல்லியிருந்தா என் செயின் தப்பிச்சிருக்குமேடி!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தானும் வாயை மூடினால், நாளைக்கு இன்னொருத்தி இதையேதான் தன்னிடம் கேட்பாள். நேரே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பேராவது போடாத" என்று கெஞ்சினார் சகாதேவன்.

"திருடன்தான் பேரை மறைக்கணும். நான் ஏங்க மறைக்கணும்?"

இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் அடித்தாள். 'ஏமாந்தது நான், பச்சையம்மாள், மூணாவது தெரு. சும்மா விளக்குத் தேய்ச்சுத் தரேன்னு வருவான். அப்புறம் தாலிச் செயின் கேட்பான். பையில மஞ்சள் கயிறு வெச்சிருப்பான். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் சொல்லுங்க.'

முதல் பதில், 'படிச்சவங்களே இப்படியா?' என்ற கேலி. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்தடுத்து நான்கு பெண்கள், 'நானும் ஏமாந்தேன்' என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் அவர்கள் ஏழாவது தெருக் கன்னியம்மாள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வாசித்துக் காட்டியிருந்தாள். கன்னியம்மாள் சிரித்துக்கொண்டே விளக்கைக் கொடுத்தாள். உள்ளே போய் நாலு பேருக்குப் போன் போட்டுவிட்டு வந்து, "செயினையும் தரலாம். கட்டிக்கக் கயிறு இல்லியேப்பா" என்று இழுத்தாள்.

"நம்மகிட்ட இருக்குக்கா!" ஆசையாகப் பையைத் திறந்தான். உள்ளே ஒரு கட்டு மஞ்சள் கயிறு.

கேட்டைச் சாத்திக்கொண்டு பத்துப் பெண்கள் நின்றார்கள். சற்று நேரத்தில் போலீஸும் வந்தது.

கூட்டத்தில் ஒருவர் நமட்டுச் சிரிப்போடு, "செக்ரட்டரி வீட்லயே ஏமாந்துட்டாங்களாமே?" என்றார்.

சகாதேவன் முன்னால் வந்தார். "ஆமாங்க, எங்க வீட்லயேதான். எழுத வேணாம்னு தடுத்தவனும் நான்தான். தப்பு என்மேலதான்."

பச்சையம்மாள் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினாள். "நல்லா பாத்துக்கங்க. ஏமாந்ததுல எனக்கு ஒரு அவமானமும் இல்ல. ஏமாந்ததை மூடி வெச்சு, அடுத்த வீட்டையும் ஏமாற வுடுறோம் பாருங்க, அதுதான் அவமானம். நாம வெக்கப்பட்டு வாயை மூடுற வரைக்கும் இவனுங்களுக்குத் தெனம் தீபாவளிதான்!"