டேப் சுற்றிய குழாய்

மணல்திட்டில் படகு உட்கார்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். சத்தம் எதுவும் இல்லை. அடிக்கட்டை ஈர மணலுக்குள் மெதுவாக இறங்கி நின்றுவிட்டது, அவ்வளவுதான். சுக்கானைப் பிடித்திருந்த எல்விராவின் உள்ளங்கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. இரண்டு நாளாக அடித்த வடகாற்று லா பிளாத்தா ஆற்றின் தண்ணீரைக் கடல் பக்கமாகத் தள்ளியிருந்தது. இப்போது அந்தக் காற்றும் ஓய்ந்து, பாய் கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கியது.

"நின்னுட்டோமா?" என்று கேட்டாள் தங்கை சோலா.

"ஆமா. தண்ணி ஏறினா தானா மிதக்கும்."

"எப்ப ஏறும்?"

"காத்து தெக்கேயிருந்து வரணும்."

"அதுவரைக்கும்?"

"மாத்தே குடிக்கலாம்."

சோலாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது; மாத்தே அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஓயாமல் குடிக்கும் கசப்பான இலைத் தேநீர். நீச்சல் தெரியாதவள். படகு என்றாலே பயம். அக்கா தனியாகப் போவதாகச் சொன்னதும் மனசு கேட்காமல் கிளம்பி வந்திருந்தாள். வடக்கே கொரியென்டெஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை அவளுடையது. அதில் இப்போது பற்றவைக்காத சிகரெட் ஒன்று இருந்தது.

எல்விராவுக்கு அறுபத்தொன்று. ஆற்றின் இந்தக் கரையிலுள்ள சான் ஃபெர்னாண்டோவில் பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஈஸ்டர் வந்தால் அவளும் கணவன் அனீபாலும் இந்த ஆறரை மீட்டர் படகில் ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை உருகுவேயில் இருக்கும் கார்மேலோவுக்குப் போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தவறவில்லை. அனீபால் இறந்தபின் மூன்று வருஷமாக அது படகுக் கிளப்பில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இந்த ஈஸ்டருக்கு யார் சொல்லியும் கேட்காமல் அதைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.

உள்ளறைக் கதவைத் திறந்து படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அந்த வாசனை. ஈரப் பலகை, பழைய மெத்தை, கூடவே பூண்டு அழுகியதுபோல ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே குனிந்து தேநீர்க் கெண்டியைத் துடைக்கும் அனீபால் அங்கேயே நின்றான். கல்யாணமான புதிதில், இந்தப் பலகைப் படுக்கையில் ஒருத்தர் முழங்கை ஒருத்தர் விலாவில் இடிக்கப் படுத்திருந்த நாட்கள் எல்லாம் அந்த வாசனையில் இருந்தன. மூன்று வருஷமாக அவனுடைய சட்டைகளை முகர்ந்து பார்த்தும் கிடைக்காதது இங்கே இருந்தது.

அடுப்பு பழையபடியே இருந்தது. இரண்டு பர்னர் வைத்த சின்ன பியூட்டேன் அடுப்பு. பெஞ்சுக்கு அடியில் சிலிண்டர். முந்தின நாள் சாயங்காலம் புதுச் சிலிண்டரை அவளே மாட்டி, வால்வைத் திறந்து வைத்திருந்தாள். திறந்து திறந்து மூடினால்தான் வால்வு தேயும் என்பது அனீபாலின் கட்சி. பற்றவைக்கவும் அவனுக்கு ஒரு முறை உண்டு: குமிழைக் கரண்டியால் இரண்டு தட்டு, அரைச் சுற்று, ஐந்து வரை எண்ணு, பிறகு தீக்குச்சி. அவள் கரண்டியை எடுத்துத் தட்டினாள். தீக்குச்சியை உரசினாள். ஈரம், பற்றவில்லை. இரண்டாவதன் மருந்து உதிர்ந்து விழுந்தது. மூன்றாவதை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கிற அளவுக்குப் பிடி.

"கீழ வை," என்றாள் சோலா. சத்தமே போடவில்லை. "கேஸ் நாறுது, எல்வி."

"அது படகோட வாசனை. எப்பவும் இப்படித்தான்."

"கேஸுடி. முப்பது வருஷம் இதுல நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா? குமிழ மூடு. சிலிண்டரையும் மூடு. மூடிட்டு மேல வா."

"அனீபால் இருந்தப்பவும்..."

"அனீபால் இருந்தப்பவும் கேஸ்தான். ஏறுடி மேல."

எல்விரா இரண்டையும் மூடிவிட்டு ஏறினாள். சோலா தன் சிகரெட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு லைட்டரையும் சேர்த்து ஒரு சாக்ஸுக்குள் திணித்து, படகின் முன்மூக்கில் கொண்டுபோய் வைத்தாள். எஞ்சினைத் தொடாதே, விளக்கு சுவிட்சைத் தொடாதே, ரேடியோவைத் தொடாதே என்று வரிசையாகச் சொன்னாள். முன்பக்கத்து மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தும் பிரயோஜனமில்லை, உள்ளே புகக் காற்று இல்லை.

அடுப்பிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி, சிலிண்டரோடு மேலே கொண்டுவந்து வெயிலில் வைத்தார்கள். குழாயில் ரப்பர் இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு டேப். சோலா பாத்திரம் கழுவும் சோப்பை நுரைக்கப் பிசைந்து குழாய் முழுக்கத் தடவி, அடுப்புப் பக்கத்து முனையை விரலால் அடைத்துக்கொண்டு, வால்வை ஒரு நொடி திறந்தாள். நடுவில் நுரை பொங்கி, நெல்லிக்காய் அளவுக்குக் குமிழ் வந்து வெடித்தது.

"உன் வாசனை," என்றாள்.

எல்விரா குழாயைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். மேலே இருந்தது பச்சை. அது கடைசி வருஷத்தது. கை நடுங்குகிறது என்று அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவன் சுற்றினான். அதற்குக் கீழே கறுப்பு டேப். அந்த வருஷம் பெரிய மகனுக்குப் பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன, வழி முழுக்க ஒரே அழுகை. அதற்கும் கீழே முதலுதவிப் பெட்டிப் பிளாஸ்திரி. எதிர்க்கரையில் நுவேவா பால்மிரா துறையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தபோது, டேப் வாங்கக்கூட இறங்க முடியாமல், அனீபால் தன் வெட்டுக்காயத்துக்கு ஒட்டியது போக மிச்சத்தைக் குழாய்க்குச் சுற்றினான். "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்," என்று விரலைத் தூக்கிக் காட்டியது ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், மண்போல வெடித்த ரப்பர்.

"முன்னாடி கொஞ்சமா கசிஞ்சிருக்கும்," என்றாள் சோலா. "கதவத் திறந்து போட்டே இருந்திருப்பீங்க, தப்பிச்சீங்க. மூணு வருஷம் காஞ்சு கிடந்ததுல நல்லா பொளந்துடுச்சு. நேத்து சாயங்காலத்துலேருந்து திறந்து வெச்சிருக்கியே, எல்லாம் கீழதான் கிடக்கும். இந்த கேஸ் காத்தவிட கனம். தண்ணி மாதிரி பள்ளத்துல போய் உக்காரும்."

"அப்ப என்ன பண்றது?"

"தண்ணின்னா என்ன பண்ணுவ? அதான்."

தரைப்பலகைகளைத் தூக்கினார்கள். உள்ளே, படகின் அடிவயிற்றில், ஒன்றுமே தெரியவில்லை. சோலா பிளாஸ்டிக் வாளியை இறக்கி அந்த ஒன்றுமில்லாததை மொண்டு, கொதித்த பாலைத் தூக்குகிறவள்போல அலுங்காமல் எல்விராவிடம் நீட்டினாள். எல்விரா வாங்கி வெளியே சரித்துக் கவிழ்த்துவிட்டுக் காலி வாளியைத் திருப்பிக் கொடுத்தாள். போனதும் காலி, வந்ததும் காலி. பத்து வாளி போயிற்று. பிறகு எல்விராவுக்குச் சிரிப்பு வந்தது.

"சிந்தாதடி," என்றாள் சோலா.

அந்த நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு, அடிப்பக்கம் தட்டையானது, திட்டின் ஓரமாக வந்தது. வாயில் சிகரெட்டோடு ஓட்டிவந்தவர் எஞ்சினைத் தணித்தார்.

"தண்ணி ஏறுதா அம்மணி? பம்ப் இருக்கு, தரட்டுமா?"

"தண்ணி இல்லங்க. கேஸ்."

அவர் வாளியைப் பார்த்தார். எல்விரா அதைக் கவிழ்த்ததையும் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பிறகு தன் வாயில் இருப்பதை நினைத்துக்கொண்டார்போல. படகு வந்ததைவிட வேகமாகத் திரும்பியது. இருநூறு மீட்டர் தள்ளிப்போய் நின்று, கைகளை வாயில் குவித்துக் கத்தினார்: "அவசரப்படாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

"அங்கயே இருங்க, அதுதான் உதவி!" என்று சோலா திருப்பிக் கத்தினாள்.

நூற்றிருபது வாளிக்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தோள்கள் கழன்றுவிடும்போல இருந்தது. எல்விராவின் சிரிப்பு எங்கேயோ போய், அந்த இடத்தில் கோபம் வந்திருந்தது. கார்மேலோவில் ஒவ்வொரு காலையும் தலை கனக்க எழுந்தது ஞாபகம் வந்தது. ராத்திரி குடித்த ஒயின் என்று சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பிள்ளைகளையும் இதே பலகைமேல்தான் படுக்க வைத்தாள்.

"ஒரு குழாய்," என்றாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு. "ஒரு முழக் குழாய் வாங்கி மாட்டத் தெரியல அந்த மனுஷனுக்கு. பிள்ளைங்க இங்க தூங்கினாங்க, சோலா."

"தெரியும்."

"அத மோந்து மோந்து நின்னேனே இன்னிக்கு. பைத்தியக்காரி மாதிரி."

"உன்மேல உசுரா இருந்தாரு."

"இருந்தாரு. சோம்பேறியாவும் இருந்தாரு."

சொன்னதும் அழுகை வந்தது. அடக்கவில்லை. அடக்க ஒரு காரணமும் இல்லை. இருநூறு மீட்டர் தள்ளி நின்ற மீனவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சோலா அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் மொண்டபடியே இருந்தாள்.

மத்தியானம் சோலா தரைவரை குனிந்து மூக்கை வைத்துப் பார்த்து, "சரி" என்றாள். ஆனாலும் எதையும் பற்றவைக்க விடவில்லை. கொரியென்டெஸில் வெயில் காலத்தில் குடிப்பதுபோல, பச்சைத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து மாத்தே இலையில் ஊற்றி நீட்டினாள். சுடுதண்ணீரில் மட்டுமே மாத்தே குடிக்கும் இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு அது தெய்வக் குற்றம். எல்விரா மாத்தே உறிஞ்சும் உலோகக் குழலை வாயில் வைத்து இழுத்து, முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னும் ஒரு தடவை நீட்டச் சொன்னாள்.

குடித்துக்கொண்டே அவனைப்பற்றிப் பேசினார்கள். பாயை எப்போதும் தலைகீழாக மடிப்பது, ஊரில் பார்க்கிற நாய்க்கெல்லாம் பேர் வைப்பது, ஒருமுறை சுக்கானிலேயே தூங்கி, போன வழியே திரும்பி வந்து, வந்துவிட்டோம் என்று அவளை எழுப்பியது. சோலா கேட்காத கதைகளும் இருந்தன. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தன.

இரண்டரை மணிக்குத் தென்கிழக்கிலிருந்து முதல் காற்று அடித்தது. நான்கு மணிக்குப் படகு லேசாக அசைந்தது. மீனவர் கையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

"வீட்டுக்குத்தானே?" என்றாள் சோலா. கேட்ட விதத்திலேயே ஆசை தெரிந்தது.

எல்விரா இரண்டு கரைகளையும் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் முடிவெடுக்கிற வேலை அவளுக்கு இருந்ததே இல்லை.

"கார்மேலோ," என்றாள். "இருட்டறதுக்குள்ள போயிடலாம். பாய்க் கயித்தப் பிடி."

மறுநாள் காலை கார்மேலோ சந்துக்குள் இருந்த இரும்புக் கடையில், கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தக் குழாயை ஒரு முனையில் மட்டும் தொட்டுத் தூக்கினார்.

"எத்தன வருஷமா இது ஓடுது?"

"இருபத்திரண்டு."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே போனார். புதுக் குழாய், புது வாஷர், இரண்டு கிளிப்பு. பழையதைக் குப்பையில் போடப்போனவரிடமிருந்து எல்விரா அதை வாங்கி, பிளாஸ்திரிச் சுருளை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டாள். ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அத வெச்சு என்ன பண்ணப் போற?" என்றாள் சோலா தெருவில்.

"தெரியல," என்றாள் எல்விரா.

இருவரும் சூடான ரொட்டி வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தார்கள். வழியில் ஒரு மஞ்சள் நாய் அவர்கள் பின்னாலேயே வந்தது.