ஹாக்பெக் தொலைபேசிக் கூண்டும் என் பத்தொன்பது வினாடியும்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பத்தொன்பது வினாடி. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நிம்மதியாகப் பொய் சொல்லலாம்.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, யார்க்‌ஷயர் மலைகளுக்கு நடுவே எங்கள் ஹாக்பெக் கிராமத்தில், சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. அதில் நான் பதினேழாவது ஆள். என் முறை வந்ததும் உள்ளே போய், லீட்ஸில் இருக்கும் என் மைத்துனரைக் கூப்பிட்டு, முழுதாக ஒரு நிமிடம் பேச வேண்டும். வேறு வேலையே இல்லை. நான் பேசியது நாற்பத்தோரு வினாடி.

மிச்சத்தை இங்கே பேசித் தீர்க்கப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

“மூடுபனி கவிந்த ஓர் ஆங்கிலேயக் காலையில், கையில் தேநீர்க் கோப்பையோடு ஹில்டா மெட்காஃப் தன் —”

நிறுத்திவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஹில்டாவுக்குத் தேநீர் ஆகாது; குடித்தால் நெஞ்சு எரியும். வெளிநாட்டில் விற்கும் பிஸ்கட் டப்பா மூடியைப் பார்த்து எழுதியது போல இருந்தது அந்த வாக்கியம். அடித்தேன். இரண்டாவது:

“அந்தக் கூண்டுக்குள் நின்றுதான் ஹில்டாவின் காலஞ்சென்ற கணவர் அவரிடம் முதன்முதலாகத் தன் காதலை —”

இதை ஹில்டாவிடமே படித்துக் காட்டினேன்.

“என் புருஷன் மாடியில கால்பந்து பாத்துக்கிட்டு இருக்கான்,” என்றார். “அவனைக் கொன்னது யாரு?”

“கதைக்கு ஒரு சோகம் வேணுமே ஹில்டா.”

“அவன் உயிரோட இருக்கறதே எனக்குப் போதுமான சோகம். ஒழுங்கா நடந்ததை எழுது, கண்ணு.”*

* எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். எழுபது வயது லாரி ஓட்டுநர் இன்னொரு எழுபது வயது லாரி ஓட்டுநரைக் கண்ணு என்பார். ஆங்கிலேயர்கள் விறைப்பானவர்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

3

சரி, நடந்தது.

ஹில்டாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பள்ளியை மூடினார்கள். பேருந்தை நிறுத்தினார்கள். பிறகு கடை போயிற்று, அதன் பின்னால் மதுக்கடையும். ஒவ்வொரு முறையும் ஊர் கூடி ஒரு கண்டனக் கடிதம் எழுதியது. அவ்வளவு பணிவான கடிதங்கள்! வாங்கியவர்கள் அவற்றை நன்றிக் கடிதம் என்று நினைத்துக் கோப்பில் வைத்திருப்பார்கள்.

எஞ்சியது கூண்டு மட்டும். அதற்கும் தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஓலை வந்தது: வருடத்துக்கு ஐம்பது அழைப்பாவது போக வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நிமிடம். போகாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆள் வந்து பெயர்த்து எடுத்துப்போவார். அவர்கள் கணக்கு வருடம் அந்த வெள்ளியோடு முடியப்போகிறது. அதுவரை மூன்று.

இந்த இடத்தில் ஒரு சின்ன உபதேசம் செய்ய ஆசை. அந்தக் கூண்டைப் பார்க்க வாரத்துக்கு நாற்பது சொகுசுப் பேருந்து வரும் (சரி, நான்கு). பிரேசில்காரர், கொரியாக்காரர், இத்தாலிக்காரர், எல்லோரும் இறங்கி உள்ளே போய், ரிசீவரைக் காதில் வைத்து, பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாணப் பெண் முழு உடுப்போடு வந்து, அதன் வால் வெளியே கிடக்க, முக்கால் மணி நேரம் ரிசீவரைக் காதலனாகப் பாவித்தாள். உலகத்தில் பாதி குளிர்பதனப் பெட்டிக் கதவுகளில் எங்கள் கூண்டு காந்தப் பொம்மையாக ஒட்டியிருக்கிறது. எண்ணை அழுத்தியவர்தான் ஒருவருமில்லை. காசு போடும் துளையை அடைத்துப் பல வருடமாயிற்று, யாரை வேண்டுமானாலும் சும்மா கூப்பிடலாம், அப்படியும் இல்லை.

அந்த மூன்று அழைப்பில் ஒன்று ஹில்டாவுடையது. ஜனவரியில் பனி கொட்டி மின்சாரம் போன நாளில், பக்கத்து வீட்டு நோரா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எங்கள் பள்ளத்தாக்கில் கைபேசிக்கு உயிர் கிடையாது. மின்சாரம் இல்லாமல் வீட்டுத் தொலைபேசிகளும் செத்துக் கிடந்தன. ஹில்டா ஓடிப்போய் அந்தக் கூண்டிலிருந்துதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

“இதை மட்டும் விடமாட்டேன்,” என்று நிறுவனத்தின் ஓலையை நான்காக மடித்தார் ஹில்டா. “கடிதமும் எழுதமாட்டேன். போன் பண்ணுவோம்.”

4

வியாழக்கிழமை காலை ஊரே வந்துவிட்டது. அக்கம்பக்கப் பண்ணைகளையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேர். வரிசை அப்படி ஒரு வரிசை! நூல் பிடித்த மாதிரி. இதற்கு மட்டும் ஒலிம்பிக்கில் போட்டி வைத்தால் தங்கம் எங்களுக்குத்தான். அதையும் வெள்ளி வாங்கியவரிடம், நீங்க எடுத்துக்குங்க என்று கொடுத்துவிடுவோம்.

நேரம் பார்க்க நோராவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். கையில் கடிகாரம். ஆனால் ஒருவர் தொலைபேசியில் பேசும்போது அவரையே பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையா? நோரா நாள் முழுக்க எதிர்ப்பக்கமிருந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஹில்டா நிறுவனத்தைக் கூப்பிட்டு எண்ணிக்கை கேட்டார். நான்கு.

“நாற்பத்தி நாலா?”

“இல்லம்மா. நாலு.”

வியாழக்கிழமை பேசிய நாற்பத்தெட்டுப் பேரில் ஒரு நிமிடத்தைத் தாண்டியவர் ஒரே ஒருவர்: இரண்டு காதும் கேட்காத ஆர்தர். மற்ற எல்லோரும், பின்னால் ஆள் நிற்கிறதே என்று, முப்பது வினாடியில், நாற்பது வினாடியில் வைத்துவிட்டார்கள். என்னைப் போல. “நல்லாருக்கீங்களா, நானும் நல்லாருக்கேன், பின்னால வரிசை நிக்குது, வெச்சிடறேன்.” என் மைத்துனருக்கு, நான் ஏன் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஹில்டாவுக்கே ஐம்பத்தெட்டு வினாடிதான்.

“நீயுமாடி?” என்றார் நோரா.

“எனக்குப் பின்னால நின்ன ஆளு தொண்டையைக் கனைச்சாரு.”

“ஆர்தரைக் கூப்பிடு. அவரையே நாற்பத்தாறு தடவை பேசச் சொல்லு.”

“காது டாக்டரைப் பாக்கப் போயிட்டாரு.”

“யாரும் இல்லாதப்போ நாமளே பேசினா என்ன?”

பேசிப் பார்த்தார்கள். ஆனால் ஹாக்பெக்கில் ஒருவர் ஒரு கதவுக்கு முன்னால் நின்றால் போதும், எதற்கென்று கேட்காமலே இன்னொருவர் வந்து பின்னால் நின்றுவிடுவார். ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர். ஹில்டாவின் விரல் தானாகவே இணைப்பைத் துண்டித்தது. ஐம்பத்திரண்டு வினாடி.

வெளிநாட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி நினைப்பதில் பாதி பொய். மிச்சப் பாதிதான் ஆபத்து.

5

“பின்னால நிக்கறவனைப் பத்திக் கவலைப்படாத ஆளு ஒருத்தர் வேணும்,” என்றார் ஹில்டா.

நோராவின் முகம் வெளுத்தது. “வேண்டாம்டி.”

“இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்காரு.”

“ஹில்டா, அவர்கூட யாரும் பேசறதில்ல!”

கிளிஃப் ஆல்டர்சன். மேட்டுப் பண்ணையில் ஆடு வளர்ப்பவர். தொண்ணூற்று நான்காம் வருடம், வேளாண் கண்காட்சியில், இறைச்சி அடைத்த சாஸேஜ் ரொட்டிக் கடை முன்னால் அறுபது பேர் (சரி, பதினான்கு) நின்ற வரிசையைத் தாண்டி நேராக முன்னால் போய் ஒரு ரொட்டி வாங்கித் தின்றவர். ஊர் அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மழை வருமா என்பதைத் தவிர எதுவும் கேட்பதில்லை என்று முடிவாயிற்று.

ஹில்டா மேடு ஏறினார். கிளிஃப் வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“மழை வருமா?” என்றார் கிளிஃப்.

“வராது. எனக்கு உங்க உதவி வேணும்.”

கிளிஃப் சுத்தியைக் கீழே வைத்தார். “எவ்ளோ நேரம்?”

“நாற்பத்தாறு நிமிஷம். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷமா.”

“நான் யாரைக் கூப்பிடறது? எனக்கு யாரும் இல்லையே.”

“என்னை,” என்றார் ஹில்டா.

6

மூன்று மணிக்கு ஹில்டா தன் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மணி அடித்தது.

“சொல்லுங்க, கிளிஃப்.”

“என்ன சொல்ல?”

“ஏதாவது.”

“மழை வரும்போல.”

“வராது.”

“வராதுதான்.”

பிறகு மௌனம். மௌனத்தையும் நிறுவனம் எண்ணிக்கொள்ளும். கூண்டுக்கு வெளியே அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டிருந்தது. யாரோ இருமினார்கள். கனைத்தார்கள். ஒருவர் காலை மாற்றி மாற்றி வைத்தார். கிளிஃபுக்கு அதெல்லாம் காற்று. அறுபத்திரண்டு வினாடி ஆனதும் வைத்தார். திரும்பவும் எண்ணை அழுத்தினார்.

ஒன்பதாவது அழைப்பில் தன் நாயைப் பற்றிச் சொன்னார். பதினைந்தாவதில் நாய்க்குப் போன வருடம் கண் போனதைச் சொன்னார். இருபத்திரண்டாவதில் ஹில்டா கேட்டேவிட்டார்.

“அன்னிக்கு ஏன் கிளிஃப் அப்படிப் பண்ணீங்க?”

“என்னிக்கு?”

“தொண்ணூத்தி நாலு. சாஸேஜ் ரொட்டி.”

(இங்கே, “வண்டியில் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருந்தது” என்று எழுதி, நானே கொஞ்சம் கண் கலங்கி, பிறகு அடித்தேன். கிளிஃபுக்குக் கல்யாணமே ஆகவில்லை.)

“பசிச்சுது.”

“அவ்வளவுதானா?”

“விடியறதுக்கு முன்னாலேயே ஆடு ஏத்தினேன். பசிச்சுது. ஏன் கேக்கறீங்க?”

“ஊரே முப்பது வருஷமா உங்ககூடப் பேசலையே!”

“அப்படியா?” கிளிஃப் யோசித்தார். “மழை வருமான்னு எல்லாரும் கேப்பாங்களே. இந்த ஊர்ல அதுக்கு மேல யாரு யார்கிட்டப் பேசறாங்க?”

நிமிடம் முடிந்தது.

முப்பத்தொன்றாவது அழைப்பில் கிளிஃப் முதலில் பேசினார்.

“ஜனவரியில நோரா விழுந்தாங்களாமே. ஆம்புலன்ஸ் எப்ப வந்துச்சு?”

“ரெண்டு மணி நேரம் ஆச்சு. பனி.”

“என்கிட்ட டிராக்டர் இருக்கு. பத்து நிமிஷத்துல வந்திருப்பேன். எனக்கு யாரும் சொல்லல.”

ஹில்டா ஜன்னல் வழியே பார்த்தார். அந்த இரண்டு மணி நேரமும் நோராவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இதே மேட்டுப் பண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பாரா?

(இந்தக் கேள்விக்கு விடை எழுதிப் பார்த்தேன். மூன்று விதமாக. மூன்றும் ஹில்டாவை நல்லவராகக் காட்ட நான் செய்த தந்திரம்.)

“ஹலோ,” என்றார் கிளிஃப். “நேரம் ஆயிடுச்சா?”

“வெச்சிடாத, கிளிஃப்,” என்றார் ஹில்டா. “இன்னும் ஆகல.”

7

மூன்று ஐம்பதுக்கு நிறுவனத்து ஆள் பிரிட்சர்ட் பாரந்தூக்கி வண்டியோடு வந்து இறங்கினார். நேராகக் கூண்டை நோக்கி நடந்தார். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வரிசை. பிரிட்சர்ட் நின்றார், தயங்கினார், திரும்பி நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

“மன்னிக்கணும், இது எதுக்கு வரிசை?”

“தெரியல, கண்ணு,” என்றார் அவருக்கு முன்னால் நின்றவர்.

இந்த இடத்தில் கதை தானே முடிய முன்வந்தது. முடிவு (அ): வரிசை கலையவே இல்லை, பிரிட்சர்ட் இன்றைக்கும் அங்கே நிற்கிறார், நோரா அவருக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மிக ஆசையான முடிவு. ஆனால் நிறுவனத்தின் கணினிக்கு வரிசை மரியாதை தெரியாது. நான்கு அடித்ததும் அது எண்ணிப் பார்க்கும். முடிவு (ஆ): கிளிஃப் ஐம்பதாவது அழைப்பையும் பேசி, ஊர் அவரைத் தோளில் —

இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று ஐம்பத்தேழு. ஐம்பதில் நாற்பத்தொன்பது முடிந்துவிட்டது. கிளிஃப் மறுபடி எண்ணை அழுத்தப்போகிறார். அப்போது பார்த்து வரிசையின் முதலில் நின்ற நோரா, கைத்தடியை ஊன்றி, கூண்டின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்:

“ரொம்ப நன்றி, கிளிஃப்.”

முப்பது வருடத்தில் மழை இல்லாத முதல் வாக்கியம். கிளிஃபின் காது சிவந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் திரும்பித் தனக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். ரிசீவரை மாட்டினார். வெளியே வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“உங்களை ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டேன். நீங்க போங்க, நோரா.”

“ஐயையோ, நீங்களே போங்க, கிளிஃப்.”

“இல்லல்ல, நீங்க.”

நோரா தனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். நீங்க, நீங்க என்று அது வரிசை நெடுகப் பரவி வருகிறது. வந்தேவிட்டது. இப்போது என்னிடம் நிற்கிறது.

8

நான் போகலாம். என் பத்தொன்பது வினாடிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் நாற்பது வருடம் இந்த ஊர்க்காற்றைக் குடித்தவனுக்குக் கால் நகருமா? வாய்தான் நகர்கிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். முதல் வரியைப் படித்தபோதே வந்து நின்றுவிட்டீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. உங்களுக்குப் பின்னால் பிரிட்சர்ட்.

மூன்று ஐம்பத்தெட்டு. கிளிஃப் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஹில்டா தன் வீட்டில் தொலைபேசி மேல் கையை வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்கமாட்டார். மழையைப் பற்றிக் கேளுங்கள், நாயைப் பற்றிக் கேளுங்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். அறுபது வினாடி.

பிரிட்சர்ட் கனைப்பார். திரும்பாதீர்கள்.

நீங்க போங்க.