ஏழரை மணிப் பொட்டு

கருமாதி முடிந்து, தாலியைக் கழற்றி நாலு நாள் ஆகியும் செல்வராணி சாயங்காலமானால் பொட்டு வைத்துக்கொண்டாள். கழுத்து தெரியாமல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏழரைக்கு மகன் கூப்பிடுவான். அவன் கண்ணுக்கு அவள் இன்னும் புருஷன் உள்ளவளாகத்தான் தெரிய வேண்டும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அதைத் தெருக்குழாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். சேர்க்கட்டும். இன்றைக்கு மகனுக்குப் பரீட்சை முடிகிறது. இன்றோடு இந்த வேஷமும் முடிகிறது. எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மகன் வெற்றிச்செல்வன் இங்கிலீஷ் படிக்க அயர்லாந்து போய் ஏழு மாதம். நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து இங்கிலீஷ் படிக்கவென்றே ஏரோப்ளேன் ஏறிய முதல் ஆள் அவன்தான். கீரனூரில் கிடைக்காத இங்கிலீஷா என்று கேலி பேசினார்கள். குவாரி லாரி ஓட்டிய அவன் அப்பா திருப்பதி அதற்கெல்லாம் அசையவில்லை. அங்கே மோரா என்ற அம்மாள் வீட்டில் பிள்ளையோடு பிள்ளையாகத் தங்கி, அவர்கள் சமைப்பதைத் தின்று, அவர்களோடு பேசிப் பேசியே படிக்கிற ஏற்பாடு. போனில் மோராவைப் பார்த்தால் திருப்பதி எழுந்து நின்று கும்பிடுவார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே கும்பிடுவாள்.

அந்த மனுஷன்தான் ஒரு விடியற்காலம் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

திருப்பதியின் அண்ணன் சேவுகன் பந்தலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பரிச்சைக்கு இருவது நாள்தான் கெடக்கு. இப்ப வந்தான்னா படிப்பும் போச்சு, மறுபடி போகவும் முடியாது. முடியட்டும், சொல்லிக்கலாம்.”

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். செல்வராணி ஆட்டவும் இல்லை, கூடாதென்று சொல்லவும் இல்லை. அவள் செய்த பாவம் அதுதான். சேவுகன் மகன் கொள்ளி வைத்தான். பெற்ற பிள்ளை ஒருத்தன் உயிரோடு இருக்க, அடுத்தவன் பிள்ளை குடம் சுமந்து சுற்றி வந்தான்.

முதல் இரண்டு நாளும் மகன் அப்பாவைக் கேட்டான். லோடு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போயிருக்கிறார் என்றாள். மறுநாள், அலுத்துப்போய்த் தூங்குகிறார் என்றாள். மூன்றாம் நாளிலிருந்து அவன் கேட்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனாலும், பெற்ற அப்பனை ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட இவனுக்கு நேரமில்லாமல் போய்விட்டதா என்று உள்ளுக்குள் எரிந்தது. அதே நாளிலிருந்து காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு வந்தான். கேட்டால் குளிர் என்றான். மோராவும் எட்டிப் பார்ப்பாள், முன்போலச் சிரிக்க மாட்டாள், செல்வராணியின் நெற்றியையே பார்த்துவிட்டுப் போய்விடுவாள். வெள்ளைக்காரிக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்று இவளாக நினைத்துக்கொண்டாள்.

ஏழரைக்குப் போன் வந்தது. மகன் தொப்பியோடுதான் இருந்தான். பின்னால் மோரா அவன் தோளில் கை வைத்து நின்றாள்.

பரீட்சை எப்படி என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றான். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, “தம்பி, ஒரு சேதி சொல்லணும்” என்று ஆரம்பித்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். மழித்த தலையில் இப்போதுதான் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது.

“தெரியும்மா. பெரியப்பா பஸ் ஸ்டாப்புல ப்ளெக்ஸ் வச்சாருல்ல. அதுல துயரத்தில் வாடும் மகன்னு என் போட்டோவயும் போட்டுருக்காரு. என்கூடப் படிச்சவன் பாத்துட்டு அத அனுப்பி, வருந்துறேன்னு எழுதியிருந்தான். என் மூஞ்சியப் பாத்துத்தான் எங்கப்பா செத்தது எனக்குத் தெரிஞ்சிச்சு.”

அவனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டோம் என்று இருந்தார்களே! மகன் பேர் இல்லாமல் அஞ்சலி வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று சேவுகன்தான் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார். எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

அன்றைக்கே மொட்டை போட வேண்டும் என்று அவன் அழுதிருக்கிறான். ஏன் எதற்கு என்று கேட்காமல் மோராதான் பின்கட்டில் நாற்காலி போட்டு மழித்துவிட்டாளாம். செத்துப்போன தன் புருஷன் படத்துக்குப் பக்கத்தில் திருப்பதி படத்தையும் வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறாளாம். மொழி தெரியாத ஒருத்தி செய்ததைக்கூடப் பெற்றவள் செய்யவில்லையே என்று செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“நீயாச் சொல்லுவன்னு தெனம் காத்துக்கிட்டு இருந்தேம்மா. நீ பொட்டு வச்சுக்கிட்டு வந்து உக்காருவ. சரி, இன்னைக்கும் சொல்ல மாட்டன்னு தெரிஞ்சிரும்.”

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தாள். இருபது நாளாக ஏழரை மணிக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த அழுகைதான் முதலில் வந்தது. மகன் அழவில்லை, அவள் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். மோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கடைசியா அப்பா என்னயக் கேட்டாராம்மா?”

“கேக்க நேரமில்லடா.”

இந்த ஒன்றாவது நிஜமாக இருந்தது. அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“நாளைக்குப் பொட்டு வச்சுக்கிட்டு வராதம்மா. என்னால பாக்க முடியல.”