ஏழாவது வாரப் பதிவு

எங்கள் கல்லூரியில் நிறுவனத் தகவல் தொடர்பு என்று ஒரு பாடம் உண்டு. ஏதாவது ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வாரம் பயிற்சிக்குப் போக வேண்டும். அங்கே யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து, வாரத்துக்கு ஒரு பதிவு வலைப்பூவில் எழுத வேண்டும். கடைசிப் பதிவு இன்னும் பாக்கி. "கற்றுக்கொண்டதைத் திரும்பிப் பார்த்து எழுதுக" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

நான் பயிற்சிக்குப் போனது அப்பா வேலை பார்த்த கிடங்குக்கு. நான்கு மாடி, மூன்று சரக்கு லிஃப்ட். மூன்றாவதை ஓட்டுவது அப்பா, பத்தொன்பது வருடமாக. "என் பொண்ணு மேல ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்குது" என்று அவர் சொல்லாத ஆள் கிடங்கில் கிடையாது. மூட்டை ஏற்றுகிறவர்களில் ஒல்லியாக, உயரமாக ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஒட்டடைக்குச்சி. என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "ஆபீசரம்மா வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்று குனிந்து கையை நீட்டுவார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அப்பாவுக்கோ வாயெல்லாம் பல்.

மேலே எனக்குக் கொடுத்த வேலை இது. கிடங்கில் வேலை பார்க்கும் நாற்பத்து மூன்று பேரும் ஃபோனில் ஒரு குரூப்பில் இருந்தார்கள். யார் எது எழுதினாலும் பத்து நிமிடத்துக்குள் "பார்த்தாச்சு" என்று ஒரு அடையாளம் போட வேண்டும். எத்தனைக்குப் போட்டோம் என்று மாதக் கடைசியில் சதவீதம் எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளானால் குரூப்பில் இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். "பழைய குப்பை எதுக்கும்மா" என்பார் எங்கள் பிரிவின் மேடம். எதற்கும் சிரிப்பதால் நான் மனசுக்குள் அவருக்கு வைத்த பெயர் சிரிப்பு மேடம்.

"பதில் சொல்லணும்னு அவசியமில்லம்மா. நாம பார்த்தோம்னு தெரிஞ்சா போதும். பாதிக் கோபம் அதுலயே போயிடும்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். உண்மைதான், போய்விடுகிறது. அதைப் பாராட்டி மூன்றாவது வாரம் ஒரு பதிவே எழுதினேன். இப்போது படித்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஐந்தாவது வாரம் அப்பா குரூப்பில் எழுதினார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவர் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். மூணாம் நம்பர் லிஃப்டின் மூன்றாவது மாடிக் கதவில் பூட்டுப் பிடிக்கவில்லை, லிஃப்ட் வேறு மாடியில் இருக்கும்போதும் கதவு திறந்துகொள்கிறது என்று எழுதியிருந்தார். நான் "பார்த்தாச்சு" போட்டேன். அடுத்த வாரம் மறுபடி எழுதினார். மறுபடி போட்டேன்.

"மேல சொன்னியாம்மா?" என்று வீட்டில் கேட்டார்.

"ரிப்போர்ட்ல போகும்பா."

"எப்போ?"

"மாசக் கடைசியில."

"அதுவரைக்கும் கதவு பொறுத்துக்குமா?" என்று சிரித்தார். கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையைக் கட்டிவைத்து, அவரே பக்கத்தில் நின்றுகொண்டு ஓட்டினார்.

மறுநாள் மேடத்திடம் சொல்லத்தான் செய்தேன். "அது பராமரிப்புக்காரங்க பார்த்துக்குவாங்க. நம்ம வேலை தொடர்பு மட்டும்தாம்மா" என்று சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஏழாவது வாரம் மூன்றாவது முறை வந்தது. "மறுபடியும் சொல்றேன். மூணாம் நம்பர் லிஃப்ட் கதவு பூட்டுப் பிடிக்கல. ஆள் விழுந்துடும்." பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பதிவுக்கு நல்ல விஷயம் கிடைத்தது என்று தோன்றியது. ஒரே செய்தி மூன்று முறை மேலே போகிறது, எதுவும் கீழே வரவில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குப் படம் போட்ட ஒரு அத்தியாயமே இருக்கிறது. குரூப்பை ஃபோனில் படம் பிடித்தேன்.

வலைப்பூவுக்கு விதிகள் உண்டு. கம்பெனி பெயர் வரக் கூடாது. எழுதியவர் பெயர், தேதி, நேரம், இடம் காட்டிக்கொடுக்கும் எந்தச் சொல்லையும் கறுப்புப் பட்டை போட்டு மறைக்க வேண்டும். மறைத்த பிறகு அசல் படத்தை அழித்துவிட்டு, அழித்தேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். உள்ளே நடப்பதை வெளியே சொன்னதற்காக ஒரு தொழிலாளியின் வேலை போய்விடக் கூடாதே என்பதற்காக. நியாயமான விதி, இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவின் பெயர் மேல் கறுப்புப் பட்டையை இழுத்தேன். தேதி, நேரம், "மூணாம் நம்பர் லிஃப்ட்" என்ற சொற்கள், எல்லாவற்றின் மேலும் இழுத்தேன். கோடு கோணலாக வந்ததென்று அழித்துவிட்டு நேராகப் போட்டேன். அசலை அழித்தேன். கையெழுத்தும் போட்டேன்.

பேராசிரியர் அந்தப் பதிவை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். "அடையாளங்களை மறைத்திருக்கும் நேர்த்தியைப் பாருங்கள்" என்றார்.

பத்து நாள் கழித்து அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எழுதி எழுதி விரல் தேஞ்சதுதான் மிச்சம். நேர்ல போய் நின்னாதான் கேப்பானுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மானேஜர் அறைக்குப் போனார். வாசலில் இருபது நிமிடம் உட்காரவைத்தார்கள். அந்த நேரத்தில் கீழே சரக்கு ஏற்ற ஒரு வண்டி அவசரமாக வந்திருக்கிறது. பலகையை யாரோ அவிழ்த்திருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒட்டடைக்குச்சி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பின்பக்கமாக லிஃப்டுக்குள் காலை வைத்திருக்கிறார். உள்ளே லிஃப்ட் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு அவர் இறந்துபோனது மட்டும்தான் தெரியும். மேடம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஒரு இரங்கல் பதிவு போடும்மா, சீக்கிரம்" என்றார். கம்பெனியின் முகநூல் பக்கத்தில் மெழுகுவத்திப் படம் வைத்து, "எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிட்டோம்" என்று எழுதினேன். எழுதும்போது நிஜமாகவே அழுதேன். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் விருப்பம் போட்டார்கள். லிஃப்ட் சரியாக இருந்ததா என்று சிலர் கீழே கேட்டிருந்தார்கள். "அதையெல்லாம் எடுத்துடு, துக்க வீட்டுல சண்டை வேண்டாம்" என்றார் மேடம். பதினோரு கேள்விகளை அழித்தேன். பன்னிரண்டாவதை அழிக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன், போலீஸ் வண்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்டை ஓட்டுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் இடத்தை விட்டுப் போனார், கதவைப் பூட்டவில்லை, பழுது என்று எப்போதும் தெரிவிக்கவே இல்லை. கம்பெனி அப்படி எழுதிக் கொடுத்துவிட்டது. மாதக் கடைசி ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும்தான் இருந்தது. குரூப்பில் ஏழு நாளுக்கு முந்தையது எதுவும் இல்லை. அப்பா எழுதியதைப் பார்த்த மீதி நாற்பத்தொரு பேரிடமும் போய் நின்றேன். பேக்கிங்கில் இருக்கும் அக்கா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா. சத்தியமா எதுவும் ஞாபகம் இல்ல" என்றார். சத்தியம் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கூட வரவில்லை. ஒட்டடைக்குச்சியின் மனைவி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

அப்பா ஜாமீனில் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பயப்படாதீங்க, என் பொண்ணு எழுதி வச்சிருக்கு" என்பதுதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நான் என்ன எழுதினேன் என்று அவர் படித்ததில்லை. எழுதினேன் என்று மட்டும் தெரியும். அசலை அழித்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் வக்கீல் அறைக்குப் போனோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒடுக்கமான அறை. வக்கீல் என் ஏழாவது வாரப் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் பஞ்சிங் மெஷினை வைத்திருந்தார்.

"இதுல உங்க பேர் எங்க?" என்றார்.

அப்பா கறுப்புப் பட்டையின் மேல் விரலை வைத்தார். "இங்கதான் சார். பக்கத்துல தேதி. கீழ மூணாம் நம்பர்னு போட்டிருந்தேன்."

"நீங்க சொல்றீங்க, காகிதம் சொல்லலையே. ஏதோ ஒரு கதவுனு இருக்கு. எந்தக் கதவு, எந்தக் கம்பெனி, யார் எழுதினது? அவங்க வக்கீல் ஒரே நிமிஷத்துல ஊதித் தள்ளிடுவார். உங்க பொண்ணு வந்து சொன்னாலும், அப்பாவுக்காகப் பொண்ணு சொல்லுதும்பாங்க. அசல் இருக்கா?"

"இருக்கும் சார். சின்னதுலேருந்தே இது எதையும் தூக்கிப் போடாது" என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "பாவிங்க, எப்படிப் பூசியிருக்கானுங்க பாருங்க சார். ஒரு எழுத்து தெரியல. கம்பெனிக்காரன் வேலைதான் இது."

"கம்பெனி இல்லப்பா. நான்தான் பூசினேன். அசலையும் அழிச்சுட்டேன்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அப்பா காகிதத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்படிச் செய்யணும்னு காலேஜ்ல சொன்னாங்களா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"எழுதினவங்களுக்கு ஒரு கெடுதலும் வந்துடக் கூடாதுனு."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கு மார்க் போட்டாங்களா?"

"பத்துக்குப் பத்துப்பா."

அப்பா காகிதத்தை மடிக்காமல் மேஜை மேல் வைத்து, கையால் நீவிவிட்டார். பிறகு வக்கீலிடம், "நல்லாப் படிக்கிற பொண்ணு சார்" என்றார்.